விளையாட்டைப் பாடமாக்கிய அம்மையார்

பாலர் பள்ளியில் பிள்ளைகள் விளையாடத்தானே செய்கின்றனர், அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியை எதற்கு என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அமெரிக்காவில் சூசன் புளோ அம்மையார் ஆற்றிய பணி அவர்களுக்குத் தக்க விடையாகும்.

செயின்ட் லூயிஸ் நகரில் தொழிலாளர் பிள்ளைகள் பலர் பத்து வயதளவில் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றனர். இளவயதிலேயே அவர்களைப் பள்ளிக்குக் கொண்டுவர விரும்பினார் கல்வி அதிகாரி வில்லியம் ஹாரிஸ். அவர் துணையுடன் 1873இல் அம்மையார் அரசுப் பள்ளியொன்றில் பாலர் வகுப்பைத் தொடங்கினார். செல்வர் வீட்டு மகளாகிய அவர் ஊதியம் பெறவில்லை.

முதலில் கம்பளி நூற்பந்து. பின்னர் மரத்தாலான உருண்டையும் கட்டையும். இது ஜெர்மானிய அறிஞர் புரோபல் வகுத்த முறை. உருண்டை உருளும், கட்டை நிற்கும். ஏனென்று குழந்தையே கண்டறிய வேண்டும். எப்போது வினவுவது, எப்போது பேசாதிருப்பது என்பதை ஆசிரியை அறிந்திருக்க வேண்டும். அதற்கு அன்பு மட்டும் போதாது. ஆகவே 1874இல் பயிற்சிப் பள்ளியையும் நிறுவினார். காலையில் பிள்ளைகளுக்கும் பிற்பகலில் ஆசிரியைகளுக்கும் கற்பித்தார். புரோபல் முறையினின்று சிறிதும் விலகலாகாது என்று பிற்காலத்தில் அவர் வாதிட்டது சற்று மிகையென்றே நமக்குத் தோன்றுகிறது. எனினும், பத்தாண்டுகளில் அந்நகரப் பள்ளிகளெங்கும் பாலர் வகுப்புகள் பரவின. அவரிடம் பயின்ற பெண்கள் பிற நகரங்களிலும் அப்பணியைத் தொடர்ந்தனர்.