நோயாளர் விரும்பும் பயணம்

மதுமிதா இயக்கிய 'கே.டி. (எ) கருப்புதுரை' (2019) திரைப்படத்தில், நினைவின்றிக் கிடந்து எழுந்த முதியவர், வீட்டார் தம் உயிரைத் 'தலைக்கூத்தல்' முறையில் போக்க எண்ணியதைக் கேட்டு வெளியேறுகிறார். வழியில் கிடைத்த சிறுவன்தான் அவருடைய ஆசைகளைக் கேட்டுப் பட்டியலிடுகிறான்.

நோய் முற்றியவரிடம் நாம் கேட்கத் தயங்குவதும் அதுவே. நோயின் பெயரையே மறைக்கும் வீட்டில் ஆசையைப் பற்றி எவ்வாறு பேசுவது? கேட்டால் விடை எளிதாகவே இருக்கும்: பிறந்த ஊர், மகள் வீடு, அண்ணாமலையை ஒருமுறை சுற்றிவருதல். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை ஏறத்தாழ அரைமணிப் பயணமே. 14 கி.மீ. கிரிவலப் பாதையை நடக்க இயலாதவர் வாகனத்தில் சுற்றலாம். பௌர்ணமி நெரிசலைத் தவிர்த்துவிடுங்கள்.

வலிதான் பயணத்தைக் கெடுப்பது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறத்தாழ 4 மணி நேரமே. ஆகவே வலி வரும்வரை காத்திராமல், மருத்துவர் குறித்த வேளையில் கொடுங்கள். திடீர் வலிக்கென எழுதித்தந்த கூடுதல் மாத்திரையும், மருந்துச்சீட்டும், மலமிளக்கியும் கையிலிருக்கட்டும். இடையிடையே வண்டியை நிறுத்தி, அவரைப் புரட்டிப் படுக்கவையுங்கள்.

புதிதாக மூச்சுத்திணறலோ இரத்தப்போக்கோ இருந்தால் புறப்பட வேண்டாம். புற்றுநோயாளருக்கு முதுகுவலியுடன் கால்கள் மரத்தால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

வழியில் உயிர் பிரிந்துவிட்டால் என்ற அச்சம் நியாயமானதே. அதை நோயாளரிடமும் எங்களிடமும் முன்னரே பேசுங்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்து, நடவாமலே போன பயணங்களை நாங்கள் நிறையக் கண்டிருக்கிறோம்.