நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு

உள்ளங்கையில் அடங்கிவிடும் கார் ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. வெள்ளை நிறம், நீண்ட முகம், பின்னோக்கி வழுக்கிக்கொண்டு இறங்கும் கூரை. டொயோட்டா 2000 ஜிடி என்னும் ஜப்பானியக் காரின் சிற்றுரு அது. கப்பலில் பணிபுரிந்த என் சித்தப்பா யோகோஹாமாவில் வாங்கி வந்து, தம் கடைசிக் காலத்தில் என்னிடம் கொடுத்தார். அதன் அடிப்பாகத்தில் 1/43 என்று பொறித்திருக்கிறது. அதாவது, உண்மைக் காரின் ஒவ்வொரு நீளமும் இதில் 43-இல் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டிருக்கிறது. உண்மைக் கார் 4175 மி.மீ. நீளம்; இது 97 மி.மீ.

ஒரு நாள் இதை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். "உண்மைக் காரின் நிறை 1120 கிலோகிராம். அப்படியானால் இதன் நிறை என்ன?" என்று கேட்டேன். 1120-ஐ 43-ஆல் வகுத்து, "26 கிலோ, சார்" என்றார் ஒரு மாணவர். வகுப்பே சிரித்தது. நான் கரும்பலகையின் பக்கம் திரும்பினேன். நீளம் மட்டுமா சுருங்குகிறது? அகலமும் உயரமும் கூடவே சுருங்குகின்றன. ஆகவே பருமன் 43 × 43 × 43, அதாவது 79,507 மடங்கு குறைகிறது. அதே பொருளால் செய்திருந்தால் நிறையும் அவ்வாறே குறைய வேண்டும். விடை 14 கிராம். நான்கு ஒரு ரூபாய் நாணயங்களின் நிறை!

பிறகு காரைத் தராசில் வைத்தோம். நூறு கிராமுக்கும் சற்று மேலே காட்டியது. இம்முறை வகுப்பு சிரித்தது என்னைப் பார்த்து.

என் கணக்கில் பிழை இல்லை. பின், பிழை எங்கே? இதைச் சொல்லுமுன் அந்தக் காரைப் பற்றிச் சில வார்த்தைகள். 1965-ஆம் ஆண்டு டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் இது முதன்முதலாக வைக்கப்பட்டது. மலிவான சிறு கார்களையே செய்யும் நாடு என்று ஜப்பானை மேல்நாட்டார் எண்ணியிருந்த காலம் அது. யமஹா நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட இக்காரில் ஆறு சிலிண்டர்கள், 1988 கன செ.மீ. கொள்ளளவு, 150 குதிரைத்திறன். 1966 அக்டோபரில் யத்தாபே சோதனைப் பாதையில் 78 மணி நேரம் இரவு பகலாக ஓடி, சராசரியாக மணிக்கு 200 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தைக் காட்டியது. 1967 முதல் 1970 வரை செய்யப்பட்டவை மொத்தம் ஏறத்தாழ 350 கார்களே. ஆனால் அதன் சிற்றுருக்களோ எண்ணிலடங்கா. 1967-இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் கூரையற்ற 2000 ஜிடி ஒன்று வந்தது. உடனே இங்கிலாந்தின் கார்கி நிறுவனம் அதைப் பொம்மையாக வார்த்துவிட்டது. ஜப்பானில் 1970-இல் டோமிக்கா என்ற பெயரில் முதலில் வெளியான ஆறு சிறு கார்களிலும் இது ஒன்று.

அது சரி, ஏன் 43? ஐம்பது என்றோ நாற்பது என்றோ வைத்திருக்கலாமே! இது பொம்மை ரயிலின் வழியாக வந்த எண். இங்கிலாந்தில் ஓர் அடிக்கு 7 மி.மீ. என்ற கணக்கில் பொம்மை ரயில்களைச் செய்தார்கள். ஓர் அடி என்பது 304.8 மி.மீ. அதை 7-ஆல் வகுத்துப் பாருங்கள். ரயில் நிலையத்தின் வாசலில் நிறுத்தச் செய்த கார்கள், ரயில் போன பிறகும் அந்த அளவிலேயே நின்றுவிட்டன.

இப்போது தராசுக்கு வருவோம். உண்மைக் காரின் உடல் ஏறக்குறைய 0.8 மி.மீ. எஃகுத் தகடு என்று கொள்வோம். அதையும் 43-ஆல் வகுத்தால் 0.02 மி.மீ.கூட வராது. சப்பாத்தியைச் சுற்றி வைக்கிறோமே, அந்த அலுமினியத் தாளின் கனம்! அப்படி ஒரு காரைச் செய்துவிட முடியும் என்றே வைத்துக்கொள்வோம். அதை எப்படிக் கையில் எடுப்பது? ஒரு சதுர செ.மீ. பரப்புள்ள உங்கள் விரல் நுனியால் ஒரு கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் கூரையை அழுத்துகிறீர்கள். ஒத்த வடிவமும் ஒரே பொருளும் உள்ள இரு உருவங்களில், அழுத்தம் சமமானால் வளைவும் விகிதப்படி சமம். எனவே உண்மைக் காரின் கூரையில் 43 செ.மீ. சதுரமான ஓரிடத்தில் 1849 கிலோவை ஏற்றி வைப்பதற்கு இது ஒப்பாகும். வளர்ந்துவரும் யானையொன்று ஒற்றைக்காலில் நிற்பது போல! கார் சுருங்கிவிட்டது, நம் விரல் சுருங்கவில்லை.

ஆகவேதான் பொம்மைக்காரர்கள் தகட்டைச் சுருக்குவதில்லை. உருக்கிய உலோகத்தை எஃகு அச்சினுள் மிகுந்த அழுத்தத்தோடு செலுத்தி வார்க்கிறார்கள். உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் பாய்வதற்குச் சுவர் ஒரு மி.மீ. அளவாவது கனமாக இருத்தல் நலம். உண்மைக் காரின் அளவில் அது 43 மி.மீ.; போர் டாங்கிக்கு ஏற்ற கவசம் எனலாம். கரும்பலகைக்கும் தராசுக்கும் இடையே காணாமற்போன கிராம்கள் அங்கே இருந்தன. மறுநாள் வகுப்பில் இதை ஒப்புக்கொண்டேன்.

உங்கள் வீட்டுக் குழந்தை இக்காரை 75 செ.மீ. உயர மேசையிலிருந்து தள்ளிவிட்டால் என்ன ஆகும்? 43-ஆல் பெருக்கினால் 32 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தின் உச்சி! ஆனால் பொம்மை பெரும்பாலும் வண்ணம் சிறிது பெயர்வதோடு தப்பிவிடுகிறது. கனமான சுவர் மட்டும் இதற்குக் காரணமன்று. புவியீர்ப்பு முடுக்கத்தை யாரும் 43-ஆல் வகுக்கவில்லை. 75 செ.மீ. விழும் பொருள் மணிக்கு 14 கி.மீ. வேகத்தில்தான் தரையைத் தொடும். 32 மீட்டர் விழுந்தாலோ வேகம் 90 கி.மீ. உயரம் 43 மடங்கு கூடினால் வேகம் அதன் வர்க்கமூலமான ஆறரை மடங்கே கூடும். 1954-இல் வந்த காட்ஸில்லா படத்துக்காகச் சிறு நகரங்களைக் கட்டி இடித்த சுபுராயா எய்ஜி, அக்காட்சிகளை விரைவாகப் படமெடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டியதும் இதே காரணத்தால்தான். பொம்மைச் சுவர் உண்மைச் சுவரைவிடச் சட்டென்று விழுந்து நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்!

இனி, எனக்குக் கவலை தரும் செய்தி ஒன்று. இந்த வார்ப்புகளுக்குப் பயன்படுவது பெரும்பாலும் துத்தநாகத்துடன் நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியம் சேர்ந்த உலோகக்கலவை. சுமார் 385 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், நன்றாகப் பாயும். ஆனால் அதில் சிறிது காரீயம் கலந்துவிட்டால் போதும், உள்ளிருந்தே கேடு தொடங்குகிறது. உலோகம் நுண்ணிய படிகமணிகளால் ஆனது. காரீயம் அந்த மணிகளின் எல்லைகளில் போய்த் தங்கும். ஈரமும் வெப்பமும் உள்ள காற்றில் அந்த எல்லைகள் வழியே அரிப்பு ஊடுருவும். அரிப்பால் உண்டாகும் பொருளுக்கு இடம் கூடுதலாக வேண்டியிருப்பதால் வார்ப்பு உப்பும், வளையும், வெடிக்கும், முடிவில் பழைய பிஸ்கட்டைப் போல் கையில் உதிரும். இங்கிலாந்தின் டிங்கி பொம்மைகளில் 1930-களில் வந்தவை பல இப்படித்தான் அழிந்தன. 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி துத்தநாக நிறுவனம் மிகத் தூய துத்தநாகத்தால் 'ஜமாக்' கலவையை உருவாக்கியதும், காரீயத்தை இலட்சத்தில் ஐந்து பங்குக்குள் நிறுத்தினால் இந்நோய் வராது என்பது தெளிவாயிற்று. ஆனால் ஆலையில் எவரேனும் ஒருவர் கழிவு உலோகத்தைக் கொப்பரையில் எறிந்தால் போதும். அண்மைக் காலப் பொம்மைகளிலும் இது தலைகாட்டியதுண்டு. சேகரிப்பாளர்கள் சிலர் இது ஒரு காரிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் என்று அஞ்சி, நோயுற்ற காரைத் தனியே வைப்பார்கள். அது வீண் அச்சம். நோய் வார்க்கும்போதே உள்ளே இருக்கிறது. அதற்கு மருந்தும் இல்லை. உலர்ந்த குளிர்ந்த இடத்தில் வைத்துத் தாமதப்படுத்தலாம், அவ்வளவே.

என் காரின் முன்மூடியருகே மயிரிழை போன்ற கீறல் ஒன்றைச் சென்ற ஆண்டு கண்டேன். வண்ணம் மட்டும் காய்ந்து வெடித்திருக்கலாம். உலோகமே வெடித்திருக்கவும் கூடும். கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது, அளந்தால் சொல்லலாம். நோயுற்ற வார்ப்பு நீளும் அல்லவா? நீங்களும் இவ்வாறு அளக்கலாம். அலையும் முன்பின் தாங்கிகளை விட்டுவிட்டு, உடலிலேயே தெளிவான இரு குறிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். வெர்னியர் அளவி போதும். கல்லூரி ஆய்வகத்தில் நகரும் நுண்ணோக்கி கிடைத்தால் இன்னும் நன்று. ஒரே வெப்பநிலையில், ஐந்து முறை அளந்து சராசரி காணுங்கள். தேதியுடன் குறித்து வையுங்கள்.

நான் இதுவரை மூன்று முறை அளந்திருக்கிறேன். மூன்றாவது அளவு முதலாவதைவிட 0.02 மி.மீ. கூடுதல். கருவியின் மீச்சிற்றளவோ 0.01 மி.மீ. இதை வளர்ச்சி என்பதா, என் கைப்பிழை என்பதா? மழைக்காலம் முடிந்து, தை மாதத்தில் மறுபடியும் அளக்க வேண்டும்.