சிறுமீன் காட்டும் வழி

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலையில் போயிருக்கிறீர்களா? இராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கே மீன் வெட்டித் தரும் பெண்களின் அருகில் சற்று நேரம் நின்று பாருங்கள். பெரிய வஞ்சிரம் ஒன்றின் வயிற்றைக் கீறும்போது, உள்ளேயிருந்து சில சமயம் முழு நெத்திலிகள் வந்து விழும். சற்று முன் விழுங்கியவை, இன்னும் செரிக்கவில்லை.

“சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடி” என்ற பழமொழி நமக்குத் தெரியும். அது தூண்டில் இரையைப் பற்றியது. அனுபவமுள்ள மீனவர் இதற்கும் ஒரு படி மேலே போகிறார். பெரிய மீனை அவர் தேடுவதில்லை. சின்ன மீன் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார். சாப்பாடு இருக்கும் இடத்துக்குச் சாப்பிடுபவன் வந்துதானே தீரவேண்டும்?

யார் யாருக்கு உணவு?

கடல் நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தாவரங்கள் மிதக்கின்றன. சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பவை இவையே. இவற்றை நுண்விலங்குகள் தின்கின்றன. இரண்டையும் மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்கள் தின்கின்றன. சிறுமீன்களை வஞ்சிரம், சூரை, பாரை ஆகியவை வேட்டையாடுகின்றன. ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றலே அடுத்த படிக்குப் போய்ச் சேருகிறது. அதாவது, ஒரு கிலோ வஞ்சிரம் உருவாகச் சுமார் பத்துக் கிலோ சிறுமீன் வேண்டும். ஆகவே பெரிய மீனால் தன் உணவை விட்டு நெடுந்தூரம் விலகி இருக்க முடியாது.

கூட்டமும் வேடனும்

சிறுமீன்கள் ஏன் கூட்டமாகத் திரிகின்றன? ஆயிரக்கணக்கான வெள்ளி உடல்கள் ஒரே நேரத்தில் திரும்பி மின்னும்போது, எதைக் குறிவைப்பது என்று வேட்டை மீன் குழம்பிப் போகிறது. பல மீன்களின் உடலில் பக்கவாட்டில் ஒரு கோடு ஓடுகிறது. நீரின் சிறு அசைவையும் உணரும் புலனுறுப்பு அது. கண்ணோடு இதுவும் சேர்ந்து உதவுவதால்தான் அவை ஒன்றையொன்று மோதாமல் ஒரே உடல்போல் திரும்புகின்றன.

வேட்டை மீனும் இலேசுப்பட்டதல்ல. கூட்டத்தின் நடுவே பாய்வதைவிட, ஓரத்திலும் அடியிலும் காத்திருந்து பிரிந்து வரும் மீனைப் பிடிப்பது அதற்கு எளிது. அதனால்தான் அனுபவசாலிகள் படகைக் கூட்டத்தின் நடுவே ஓட்டிக் கலைக்காமல், ஓரமாகச் செலுத்தித் தூண்டிலை இழுத்துச் செல்கிறார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சிறுமீன் கூட்டம் மேலே வந்து அமைதியாக மேயும்போது, தூறல் விழுவதுபோல நீர் மெல்லச் சிலிர்க்கும். அடியிலிருந்து சூரை தாக்கினாலோ, மீன்கள் பந்துபோல் நெருங்கி மேலே துள்ளும். நீர் கொதிப்பதுபோல் தோன்றும். உடனே ஆலாப் பறவைகள் மேலிருந்து பாயும். மேலே பறவை, கீழே சூரை, நடுவில் நெத்திலி! தொலைவில் பறவைக் கூட்டம் கண்ணில் பட்டாலே படகு அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

எண்ணூர்க் கழிமுகத்தில்

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் இதே பாடத்தை வேறு வகையில் காணலாம். இங்கே வேடன் கொடுவா மீன். அது துரத்தி ஓடுவதைவிடப் பதுங்கிப் பாய்வதில் கெட்டிக்காரன். பாலத்தூண், பாறை, ஆழமான வாய்க்காலின் ஓரம் ஆகியவை அதன் மறைவிடங்கள். இரை அருகே வந்ததும் பெரிய வாயைச் சட்டெனத் திறக்கும். நீரோடு இரையும் உள்ளே இழுபட்டுவிடும்.

ஓதம் ஏறும்போது மடவை மீன்களும் இறால்களும் அலையாத்திச் செடிகளுக்கிடையிலும் சேற்றுத் திட்டுகளின் மேலும் பரவி மேய்கின்றன. ஓதம் வடியும்போது அங்கெல்லாம் நீர் குறைவதால், அவை வாய்க்கால் வழியே ஆழத்துக்கு இறங்கியாக வேண்டும். கொடுவா காத்திருப்பது அந்த வாசலில்தான். ஆகவே கொடுவா பிடிப்பவர் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்கிறார்: மடவை எங்கே மேய்கிறது? நீர் எப்போது வடியும்?

ஒலியும் செயற்கைக்கோளும்

இன்று பல படகுகளில் எக்கோ சவுண்டர் கருவி இருக்கிறது. அது ஒலி அலையைக் கீழே அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. கடல் நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர். எதிரொலி 0.04 விநாடியில் திரும்பினால், ஒலி போய்வந்த தூரம் 60 மீட்டர்; எனவே மீன் கூட்டம் இருப்பது 30 மீட்டர் ஆழத்தில். பல மீன்களின் உடலில் உள்ள காற்றுப்பை ஒலியை நன்றாக எதிரொலிப்பதால், கூட்டம் திரையில் மேகம்போல் தெரிகிறது.

இன்னும் மேலே, விண்ணிலிருந்தும் தேடுகிறார்கள். நுண்தாவரங்களின் பச்சையத்தால் கடலின் நிறம் மாறுவதைச் செயற்கைக்கோள் காட்டுகிறது. அந்த நிறத்தையும் கடல்மேற்பரப்பின் வெப்பநிலையையும் ஒப்பிட்டு, மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம் மீனவருக்கு அறிவிக்கிறது. கவனித்தீர்களா? செயற்கைக்கோளும் மீனைப் பார்க்கவில்லை. மீனின் உணவையே பார்க்கிறது. மீனவரின் பழைய தந்திரம்தான்!

சங்கிலி அறுந்தால்

இந்த அறிவுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சிறுமீன் இருக்கும் இடத்தில் பெருமீன் இருக்கும் என்றால், சிறுமீன் அழிந்த இடத்தில் பெருமீனும் இராது. எண்ணூரில் இது வெறும் ஏட்டுப்பாடம் அன்று. அனல்மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்கில் கசிந்து ஆற்றின் அடியில் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் அலையாத்தி வேர்களும் கறுத்துப்போயின. மடவை மேய்வது அந்தச் சேற்றில்தான். இறால் குஞ்சு வளர்வதும் அங்கேதான்.

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அங்கேயும் குஞ்சுகளுக்கு முதல் உணவாகக் கண்ணுக்குத் தெரியாத நுண்விலங்குகளையே தர வேண்டியிருக்கிறது. சங்கிலியின் முதல் கண்ணியைத் தாண்டி யாரும் போக முடியாது.

அடுத்த முறை வீட்டில் பெரிய மீன் வாங்கினால், சுத்தம் செய்யும்போது அதன் இரைப்பையைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது நெத்திலியா, இறாலா, நண்டா என்று தேதியோடு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மீன்வள விஞ்ஞானிகளும் இதைத்தான் செய்கிறார்கள். ஓராண்டு முடிவில், எந்த மாதத்தில் எந்த மீன் எதைத் தின்றது என்பதை உங்கள் நோட்டே உங்களுக்குச் சொல்லும்.