பதினொரு பல்லும் பத்துப் பல்லும்



மிதிவண்டி ஓட்டிப் பழகாத மாணவர் மிகச் சிலரே. மிதிகட்டையோடு சுழலும் பெரிய பல்சக்கரத்தில் 48 பற்களும், பின் சக்கரத்தில் உள்ள சிறிய பல்சக்கரத்தில் 16 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றும். வேகம் மும்மடங்காகிறது, ஆனால் சக்கரத்தைத் திருப்பும் வலிமை மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. வேகத்தை வேண்டுவோர் விசையை விலையாகத் தரவேண்டும். விசையை வேண்டுவோர் வேகத்தை விலையாகத் தரவேண்டும். பல்சக்கர நூல் முழுவதும் இந்த ஒரு வணிகத்தில் அடங்கிவிடுகிறது.

மோட்டார் வண்டியில் இந்த வணிகம் எதிர்த்திசையில் நடைபெறுகிறது. எஞ்சின் விரைந்து சுழலும். ஆனால் பாரம் ஏற்றிய வண்டியை நேரடியாக இழுக்கும் வன்மை அதற்கு இல்லை. ஆகவே வேகத்தைக் குறைத்து, முறுக்குவிசையைப் பெருக்கி, சக்கரங்களுக்கு அனுப்புகிறோம். இது இரண்டு இடங்களில் நிகழ்கிறது. ஒன்று, ஓட்டுநர் கையால் மாற்றும் கியர்ப் பெட்டி. மற்றொன்று, பின் அச்சின் நடுவே குடம் போலப் புடைத்திருக்கும் கூட்டினுள் மறைந்திருக்கும் பினியனும் கிரவுன் சக்கரமும். முன்னதை ஓட்டுநர் நாள்தோறும் நூறு முறை மாற்றுகிறார். பின்னதைப் பெரும்பாலோர் கண்ணாலும் கண்டதில்லை. இன்று நாம் ஆராயப் போவது பின்னதையே.

சான்றாக, அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973-ஆம் ஆண்டில் வெளியிட்ட வரிசையைச் சேர்ந்த செவ்ரோலே பிக்கப் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் ஓட்டுநர் அறையும் பின்பக்கம் திறந்த சரக்குத் தட்டும் உடைய வண்டி அது. எஸ். எம். 465 என்னும் நான்கு கியர்ப் பெட்டி அவற்றுள் பலவற்றில் இருந்தது. அதன் முதற் கியரின் விகிதம் 6.55, நான்காவது கியரில் எஞ்சினின் சுழற்சி மாறாமல் அப்படியே வெளிவரும். நம் வண்டியின் பின் அச்சில் கிரவுன் சக்கரத்துக்கு 41 பற்கள், பினியனுக்கு 11 பற்கள். 41-ஐ 11-ஆல் வகுத்தால் 3.73. இதுவே அச்சின் பல்விகிதம். முதற் கியரில் மொத்தப் பெருக்கம் 6.55-ஐ 3.73-ஆல் பெருக்க, ஏறத்தாழ 24.4 ஆகும். எஞ்சின் இருபத்து நான்கு முறைக்கு மேல் சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும்.

இந்த வண்டியின் உரிமையாளர், 29 அங்குல விட்டமுடைய டயர்களைக் கழற்றிவிட்டு, கரடுமுரடான பாதைக்கென 33 அங்குல டயர்களைப் பூட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பல்சக்கரம் எதையும் தொடவில்லை. ஆயினும் பல்விகிதம் மாறியது போன்ற விளைவு தோன்றிவிடுகிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிகத் தொலைவைக் கடக்கிறது. ஆதலால் தரையை உந்தும் விசை நூற்றுக்கு 12 பங்கு குறைகிறது. 3.73 என்பது நடைமுறையில் 3.28 ஆகிவிடுகிறது.

இதன் தீமைகள் யாவை? மேட்டில் வண்டி திணறும்; நான்காவது கியரில் சென்ற இடத்தில் மூன்றாவதுக்கு இறங்க நேரிடும். பள்ளத்தில் இறங்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஆற்றலும் அதே அளவு குறையும். அந்தச் சுமை பிரேக்கின் மேல் விழுந்து அதைச் சூடேற்றும். வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். வண்டி மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும்போது, முள் 53-ஐக் காட்டி ஓட்டுநரை ஏமாற்றும்.

கிளட்ச் உள்ள வண்டிக்கு இன்னொரு துன்பமும் உண்டு. தானியங்கிக் கியர் உள்ள வண்டியில், எண்ணெயால் இயங்கும் முறுக்குமாற்றி ஒன்று புறப்படும் நேரத்தில் எஞ்சினின் முறுக்குவிசையைப் பெருக்கித் தருகிறது. கிளட்சுக்கு அந்தத் திறன் இல்லை. அது வாங்கியதையே கொடுக்கும். வேக வேறுபாட்டை உராய்ந்து வெப்பமாக மாற்றும். விகிதம் குறைந்த வண்டியை மேட்டில் பாரத்தோடு கிளப்பும்போது கிளட்ச் நீண்ட நேரம் வழுக்க வேண்டியிருக்கிறது. அப்போது எழும் கருகிய நாற்றம், கிளட்ச் தகடு தேய்ந்து மடியும் நாற்றமே.

இப்போது பரிகாரத்துக்கு வருவோம். இழந்ததை முழுதும் மீட்க 3.73-ஐ 33-ஆல் பெருக்கி 29-ஆல் வகுக்க வேண்டும்; விடை 4.24. அத்தகைய பல்சக்கரம் நம் அச்சுக்குக் கிடைக்காது. 41-க்குப் பத்துப் பல் வைத்தால் 4.10, ஒன்பது பல் வைத்தால் 4.56. இவ்விரண்டில் ஒன்றையே தேரவேண்டும். நான்காவது கியரில் மணிக்கு 60 மைல் செல்லும்போது, பழைய நிலையில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,600 சுற்றுச் சுற்றியது. பெரிய டயர் மட்டும் பூட்டியபின் 2,280. 4.10 வைத்தால் 2,500; 4.56 வைத்தால் 2,790.

நெடுஞ்சாலையிலே பெரும்பொழுதும் ஓடும் வண்டிக்கு 4.10 போதும். இழுவண்டி பூட்டி மலைப்பாதையில் செல்வோருக்கு 4.56 பொருந்தும், ஆனால் சமவெளியில் எஞ்சின் இரைச்சலும் எரிபொருட் செலவும் கூடும். மேலும், பினியனின் பற்கள் குறையக் குறைய அதன் உருவமும் சிறுக்கும். ஒரே நேரத்தில் சுமையைத் தாங்கும் பற்பரப்பும் சுருங்கும்.

இங்கே மாணவர் கருதவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அச்சின் விகிதத்தை மாற்றினால் எல்லாக் கியர்களும் ஒரே வீதத்தில் மாறும். ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் உள்ள இடைவெளி சிறிதும் மாறாது. ஆகவே எல்லாக் கியரிலும் வண்டி திணறினால் குறை அச்சிலே தீரும். புறப்படும்போது மட்டும் திணறி, பின் நன்றாக ஓடினால், குறை கியர்ப் பெட்டியின் முதற் கியரிலே இருக்கிறது. முதற் கியர் 6.55 உள்ள பெட்டிக்கும், ஏறத்தாழ 3 மட்டுமே உள்ள மூன்று கியர்ப் பெட்டிக்கும் ஒரே மருந்து கூறுவது பேதைமை. நோயறிந்து மருந்திட வேண்டுமன்றோ?

மாற்றும் வேலையும் எளிதன்று. கிரவுன் சக்கரமும் பினியனும் ஒன்றோடொன்று உரசி இணைசேர்க்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றுதல் கூடாது. பினியன் எவ்வளவு ஆழம் நுழைய வேண்டும் என்பதைக் காகிதம் போன்ற மெல்லிய எஃகுத் தகடுகளை இட்டு அமைப்பர். இரு சக்கரங்களின் பற்களுக்கிடையே ஒரு சிறு தளர்வு இருத்தல் வேண்டும். இத்தகைய அச்சில் அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு முதல் பத்துப் பங்கு வரையில் இருக்கலாம். தளர்வு குறைந்தால் பற்கள் சூடேறிக் கெடும்; மிகுந்தால் அதிர்ந்து இரையும். பற்களில் வண்ணக் குழம்பைத் தடவிச் சுழற்றிப் பார்த்தால், ஒரு பல் மற்றொன்றைத் தொட்ட தடம் தெரியும். அத்தடம் பல்லின் ஓரத்தில் அமையாமல் நடுவில் அமைவதே நல்ல வேலைக்கு அடையாளம்.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியாயின் எச்சரிக்கை இரட்டிப்பாகும். பின் அச்சில் 4.10 வைத்து, முன் அச்சில் பழைய 3.73-ஐ விட்டுவைத்தால், இரண்டு அச்சுகளும் ஒரே வண்டியை வெவ்வேறு வேகத்தில் இழுக்க முயலும். சேற்றில் டயர் வழுக்கி அந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ளும்; உலர்ந்த சாலையில் வழுக்க வழியின்றி, எங்கேனும் ஓர் உறுப்பு உடையும். எனவே செலவைக் கணக்கிடும்போதே இரண்டு அச்சுகளுக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

வேலை முடிந்தவுடன் பாரம் ஏற்றக் கூடாது. புதிய பற்கள் முதலில் சிறிது தொலைவு மெல்ல ஓடி, பின் நின்று குளிர வேண்டும். இவ்வாறு சிலமுறை ஓட்டியபின், முதல் 500 மைல் வரை இழுவண்டி பூட்டாதிருத்தல் நன்று. பிறகு எண்ணெயை வடித்து மாற்றினால், தொடக்கத்தில் தேய்ந்த உலோகத் துகள்களும் அதனோடு நீங்கும். வேகமானியை இயக்கும் சிறு பல்சக்கரத்தையும் திருத்த மறத்தலாகாது.

நண்பர்களே, பதினொரு பல்லுக்குப் பதிலாகப் பத்துப் பல். வேறுபாடு ஒரே ஒரு பல்தான். ஆயினும் மேட்டில் கிளட்ச் கருகுவதும் கருகாததும், இறக்கத்தில் பிரேக் தாங்குவதும் தாங்காததும் அந்த ஒரு பல்லைச் சார்ந்திருக்கக் கூடும். இயந்திரத்தை வாங்குவதற்குப் பணம் போதும். அதனை ஆள்வதற்கு வகுத்தலும் பெருக்கலும் வேண்டும். உங்கள் வகுப்பறைக் கணக்கு எங்கே பயன்படும் என்று எவரேனும் வினவினால், மலைப்பாதையில் பாரத்தோடு இறங்கும் வண்டியைச் சுட்டிக்காட்டுங்கள்.