உறையோடு இருந்தால்தான் தபால்தலை

இந்தியாவின் முதல் தபால்தலைகள் என்று பேச்செடுத்தால் கதை கராச்சியில் தொடங்கும். சிந்துவின் ஆணையராக இருந்த பார்ட்டில் ஃபிரியர் 1852இல் வெளியிட்ட ‘சிண்ட் டாக்’ ஆசியாவிலேயே முதல் தபால்தலை. அடுத்த காட்சி கல்கத்தா. 1854இல் அங்கே நில அளவைத் துறை அலுவலகத்தில் கேப்டன் துலியர் கல்லச்சில் அடித்த தலைகள்தான் இந்தியா முழுமைக்குமான முதல் வரிசை. அவற்றில் நாலணாத் தலைகள் சிலவற்றில் விக்டோரியாவின் முகம் தலைகீழாக விழுந்தது. ஏலத்தில் அப்படிப்பட்ட தலைக்குக் கிடைக்கும் விலையைக் கேட்டதும் மதுரைக்காரர், “நமக்கு எதுக்குய்யா இந்தப் பெரிய இடத்து விளையாட்டு” என்று ஒதுங்கிவிடுவார். ஒதுங்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துத் தபாலின் சரித்திரத்தை மதுரைப் பக்கத்திலிருந்து படிக்க அபூர்வத் தலைகள் தேவையில்லை. தலை ஒட்டியபடியே இருக்கும் சாதாரணப் பழைய உறை போதும். உறையிலிருந்து பிரித்தெடுத்த தலை என்ன விலை போனாலும், அது சொல்லியிருக்கக்கூடிய சேதியில் பெரும்பகுதி போய்விடுகிறது.

முதலில் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 1854க்கு முன் கடிதத்துக்குத் தூரத்தையும் எடையையும் பார்த்துக் காசு வாங்கினார்கள். கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதம் அனுப்ப ஒரு ரூபாய் ஆனது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தூரக் கணக்கு ஒழிந்தது. கால் தோலாவுக்கு அரையணா. மதுரையில் போட்டால் திண்டுக்கல்லுக்கும் அதுதான், பெஷாவருக்கும் அதுதான். தலை ஒட்டாமல் போட்டால் பெறுகிறவர் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். 1869இல் அதே அரையணாவுக்கு எடை வரம்பு அரைத் தோலாவாகக் கூடியது. 1879இல் காலணாவுக்கு அஞ்சலட்டை வந்தது. நீல நிற அரையணாத் தலையை ஆல்பத்தில் தனியாக வைத்துப் பார்த்தால் இதில் எதுவும் தெரியாது. 1869க்கு முந்தைய உறை ஒன்றில் அது ஒற்றையாக ஒட்டியிருந்தால், உள்ளே இருந்த காகிதம் கால் தோலாவைத் தாண்டவில்லை என்பது தெரிகிறது. ஏழை எழுதினாரோ கஞ்சன் எழுதினாரோ, தாளை எண்ணித்தான் எழுதியிருக்கிறார்!

அடுத்தது வேகம். மதுரைக்கு ரயில் வந்தது 1875இல். அதுவரை தபால் பையைச் சுமந்து ஓடிய ஓட்டக்காரர்களின் கால்தான் கணக்கு. உறையின் முன்புறம் ‘மதுரா’ என்ற பழைய ஆங்கில எழுத்திலான முத்திரையும் பின்புறம் சென்னை முத்திரையும் தேதியோடு இருந்தால், எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது என்று எவரும் கழித்துப் பார்க்கலாம். 1875க்கு முன்னும் பின்னுமாக இப்படிச் சில உறைகள் கிடைத்தால் ரயில் என்ன செய்தது என்பது கண்முன் நிற்கும். தலையே இல்லாத கடிதங்களும் இதில் சேரும். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகளும் 1838 முதல் வந்த பிரெஞ்சு ஏசு சபையினரும் ஊருக்கு எழுதத் தொடங்கிய காலத்தில் இந்தியாவில் தபால்தலையே கிடையாது. மடித்த தாளின் மேல் கையால் எழுதிய கட்டணமும் துறைமுக முத்திரைகளுமே அவற்றின் வழித்தடத்தைக் காட்டும்.

என் கணிப்பில், இந்த வட்டாரத்தின் உண்மையான புதையல் மதுரைக்குக் கிழக்கே, செட்டிநாட்டில் இருக்கிறது. அந்த ஊர் வணிகர்கள் கடல் தாண்டிக் கடை வைத்த சிங்கப்பூரிலும் பினாங்கிலும் 1867 வரை இந்தியத் தபால்தலைகளே செல்லுபடியாயின. பர்மாவில் 1937 வரை. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்த தலையின் மேல் முத்திரை சரியாக விழாதிருந்தால், அது மேலூரில் பயன்பட்டதா மோல்மேனில் பயன்பட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘பி 172’ என்ற எண் முத்திரை தெளிவாக இருந்தால் அது சிங்கப்பூர். உறை முழுதாக இருந்தால் இன்னும் மேல்: ரங்கூன் கடையிலிருந்து காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ வந்த உறையில் அனுப்பியவர், பெறுபவர் இருவரின் விலாசமும், அதாவது குடும்பத் தொழிலின் முதலெழுத்துகளும், இருக்கும். எந்த வீட்டுக்கு எந்த ஊரில் கடை இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? கணக்கர்கள் கடிதங்களைக் கம்பியில் குத்திக் கோத்து வைத்த துளை பல உறைகளில் உண்டு. விற்பவர் அதைக் குறை என்று விலையைக் குறைப்பார். அது வியாபாரக் கடிதமாகப் பத்திரப்படுத்தப்பட்டதன் அடையாளம் என்பதால் எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

‘இதற்குத்தான் அரசு ஆவணக்காப்பகம் இருக்கிறதே’ என்பார்கள். தபால் துறையின் ஆண்டறிக்கைகள் மொத்தக் கணக்கைத் தரும். குறிப்பிட்ட ஒரு கடை குறிப்பிட்ட வாரத்தில் யாருக்கு எழுதியது என்பதை அவை பதிந்து வைப்பதில்லை. இன்னொரு குற்றச்சாட்டு கனமானது: உறைகளைச் சிதைத்ததே சேகரிப்பவர்கள்தானே? உண்மைதான். தலையை மட்டும் வெட்டிக்கொண்டு மிச்சத்தை எடைக்குப் போட்டவர்கள் அவர்களே. ஒரே வீட்டுக் கட்டைப் பிரித்து, அழகான பத்து உறைகளை மட்டும் பொறுக்குகிறவர்களும் அதே தவறைத்தான் நாகரிகமாகச் செய்கிறார்கள். பழைய வீடு இடிபடும்போது வெளியே வரும் காகிதக் கட்டை அப்படியே வாங்கி, பிரிப்பதற்கு முன் வரிசை மாறாமல் படமெடுத்து, தலை இல்லாத உறையையும் கிழிந்ததையும் அதே கட்டில் வைத்திருப்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஏலக்காரர்கள் தேடுவது அழுக்கில்லாத ஒற்றை உறைகளை. துளை விழுந்த கட்டுகளுக்கு அங்கே போட்டி குறைவு.