பாட்டியின் பவுனில் ஒரு ராஜா

பாட்டிக்கு முதல் வருடத் திதி கொடுத்த மறுநாள்தான் அந்த மைலோ டின்னைத் திறந்தோம். அதுவரை அலமாரியின் மேல்தட்டில் அப்படியே இருந்தது. யாருக்கும் தொட மனம் வரவில்லை.

உள்ளே மூன்று பொருள்கள். கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு தங்கப் பவுன். ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஜப்பான்காலத்து வாழைமர நோட்டுகள். நாலாக மடித்த, பழைய ஒரு வெள்ளி நோட்டு.

அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். தங்கம் விற்கிற விலை எல்லோருக்கும் தெரியும். அம்மா பவுனைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் ஆட்டிவிட்டுச் சொன்னார்: "இதை உருக்கிப் பிள்ளைக்குத் தாலிக்குண்டு செஞ்சிடலாம். டின்னுல கெடந்து என்ன ஆகப்போவுது?"

மறுப்புச் சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. சனிக்கிழமை காலை பாசிர் கூடாங்கிலிருந்து மாசாய்க்கு வண்டியை விட்டேன். அங்கே எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான பத்தர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். பவுனை உரைகல்லில் மெல்ல ஒரு இழுப்பு இழுத்தார். தராசில் வைத்தார். பிறகு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

"உருக்குறது அஞ்சு நிமிச வேலை, தம்பி. அதுக்கு முன்னாடி ராஜா கழுத்தைப் பாரு" என்று கண்ணாடியை என்னிடம் நீட்டினார்.

இடப்பக்கம் பார்த்தபடி ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மூக்கும் தாடியும் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன. பாட்டியின் நெஞ்சில் அத்தனை காலம் உரசியிருக்கிறது. ஆனால் கழுத்து வெட்டுப்பட்ட இடத்தில், மேட்டுக்குக் கீழே ஒதுங்கியிருந்ததால், இரண்டு சின்ன எழுத்துகள் தப்பிப் பிழைத்திருந்தன. பி, எம்.

"அது ராஜா பேர் இல்ல. ராஜாவைச் செஞ்சவன் பேரு" என்றார் பத்தர்.

பெர்ட்ராம் மெக்கென்னல் என்ற ஆஸ்திரேலியச் சிற்பியின் முதலெழுத்துகள் அவை. 1911 முதல் வந்த ஜார்ஜ் பவுன்களில் இருப்பது அவர் வடித்த தலை. நம் பாட்டன்மார் சம்பளமாக வாங்கிய மலாயாச் சில்லறையிலும் இதே மனிதர் கைவண்ணம்தான். அரசனின் கழுத்திலேயே தன் பெயரை எழுதிவைக்க ஒரு தொழிலாளிக்கு அனுமதி இருந்தது என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. மெக்கென்னல் மட்டுமல்ல, விக்டோரியா ராணியின் இளவயதுத் தலையைச் செதுக்கிய வில்லியம் வயன், இரண்டு டபிள்யூ எழுத்துகளை அதே இடத்தில் வைத்திருக்கிறார்.

வேலை நடந்த விதம் இது. முதலில் தட்டு அளவுக்குப் பெரிதாக ஒரு முகத்தைச் சாந்தில் வடிப்பார்கள். அதை ஓர் இயந்திரம் தடவித் தடவி, அதே மேடுபள்ளத்தை எஃகில் காசளவுக்குச் சுருக்கிக் குடையும். அப்புறம் கையுளியால் திருத்தம். அந்த எஃகு அச்சைக் கடினமாக்கி, வழவழப்பான தங்க வில்லையின்மேல் ஓங்கி அழுத்தினால் ராஜா பிறந்துவிடுவார். எல்லாத் தலையும் நன்றாக அமைந்துவிடவும் இல்லை. விக்டோரியாவின் 50-ஆம் ஆட்சியாண்டுக்காக 1887-இல் வந்த தலையில் கிரீடம் பொம்மைக் கிரீடம்போல் குட்டியாக உட்கார்ந்திருக்கிறது என்று ஊரே சிரித்தது. 1893-இல் மாற்றினார்கள்.

பத்தர் பவுனைத் திருப்பினார். மறுபக்கம் குதிரைமேல் வீரன், காலடியில் பறவைநாகம். இது தேயவில்லை. அடியில் 1918 என்ற ஆண்டு. அதற்குச் சற்று மேலே, தரையைக் காட்டும் கோட்டில், கம்பிபோல் ஒரே ஓர் ஆங்கில எழுத்து: ஐ.

"பம்பாயில அடிச்சது" என்றார்.

அது உண்மை. லண்டன் நாணயச்சாலை முதல் உலகப் போர் நேரத்தில் பம்பாயில் ஒரு கிளை வைத்திருந்தது. அங்கே பவுன் அடித்தது 1918-ஆம் ஆண்டில் மட்டும்தான். மொத்தம் ஏறக்குறைய 13 லட்சம் காசுகள். அதில் ஒன்று எப்படியோ தமிழ்நாட்டுக்கு வந்து, பாட்டியின் தாயார் கழுத்தில் ஏறி, கப்பலில் கடல் தாண்டி, ஜொகூரின் ரப்பர் மரங்களுக்கு நடுவே வந்து சேர்ந்திருக்கிறது. அந்தத் தோட்டம் இப்போது இல்லை. 1970-களில் துறைமுகமும் தொழிற்சாலைகளும் வந்தபோது காணாமல் போனது. பவுன் இருக்கிறது.

இந்தக் காசு நம் பேச்சுக்குள்ளும் புகுந்து உட்கார்ந்துவிட்டதைக் கவனித்திருக்கிறீர்களா? அரசனைக் குறிக்கும் 'சாவரின்' என்ற ஆங்கிலப் பெயர்தான் தமிழில் 'சவரன்' ஆனது. அந்தக் காசின் எடை 7.98 கிராம், 22 காரட். அதையே முழுசாக்கி 8 கிராம் என்று வைத்துக்கொண்டு இன்றும் 'எத்தனை பவுன் போடுறீங்க' என்று சம்பந்தி வீட்டில் கேட்கிறோம். ஒரு வெள்ளைக்கார ராஜாவின் தலை நம் கல்யாணக் கணக்குக்கு எடைக்கல் ஆகிவிட்டது. வேறு எந்த நாட்டு அரசனுக்கும் தமிழ்ப் பெண்கள் இத்தனை மரியாதை கொடுத்ததில்லை!

காசில் முகம் பொறிப்பது நமக்குப் புதிதும் இல்லை. கரூர்ப் பக்கம் கிடைத்த சங்ககாலச் சேரர் வெள்ளிக்காசுகளில் ஒரு தலையும், அதன்மேல் தமிழ் பிராமி எழுத்தில் 'மாக்கோதை' என்ற பெயரும் இருக்கின்றன. 'குட்டுவன் கோதை' என்று பெயர் பொறித்ததும் உண்டு. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மிளகு வாங்க வந்த ரோமானியர்கள் கொண்டுவந்த அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள் கொங்குநாட்டில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்த சேரனுக்கு ஆசை வந்திருக்கலாம். ஆனால் பின்னாளில் வந்த ராஜராஜ சோழனின் காசில் நிற்கிற உருவத்துக்கு முகமே வெறும் புள்ளியும் கோடுமாகத்தான் இருக்கும். பெயரை வைத்துத்தான் அடையாளம்.

டின்னிலிருந்த நோட்டுகளையும் பத்தரிடம் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். "இது ராஜா நோட்டு. இது ஜப்பான் நோட்டு" என்று சரியாகப் பிரித்து வைத்தார்.

ரகசியம் இதுதான். நல்ல பணநோட்டில் இருக்கும் முகம் சாதாரணமாக அச்சடித்த படம் இல்லை. ஒரு கலைஞர் எஃகுத் தகட்டில், இடம் வலமாக மாற்றி, கோடு கோடாகக் கீறியது. கன்னத்து நிழல் என்றால் ஆழமான கோடு. நெற்றி வெளிச்சம் என்றால் மெல்லிய புள்ளிகள். கை தவறினால் அழிக்க ரப்பர் கிடையாது. ஒரு முகத்துக்கு மாதக்கணக்கில் உட்காருவார்கள். அந்தப் பள்ளங்களில் மை நிரப்பித் தாளைப் பெரும் அழுத்தத்தில் பதித்தால், மை மேடாக எழும்பி நிற்கும். விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரிவது அதுதான். நாணயச் சிற்பிக்காவது ராஜாவின் கழுத்தில் இரண்டு எழுத்து இடம் கிடைத்தது. நோட்டில் முகம் கீறியவர்களின் பெயரை வாங்குபவரும் விற்பவரும் அறிவதில்லை.

ஏன் முகம்? ஒரு கட்டடத்தின் ஜன்னல் சற்றுக் கோணலாக இருந்தால் நமக்குத் தெரியாது. தெரிந்த முகத்தில் உதடு ஒரு மயிரிழை கோணினாலும் 'என்னமோ மாதிரி இருக்கே' என்று கண் சொல்லிவிடும். கள்ளநோட்டுக்காரனுக்கு அதுதான் எமன்.

1942-இல் ஜப்பானியர் வெளியிட்ட நோட்டுகளில் முகமே இல்லை. பத்து வெள்ளியில் வாழை, ஐந்து வெள்ளியில் தென்னை. பல நோட்டுகளில் வரிசை எண்கூடக் கிடையாது, எழுத்து மட்டும்தான். அடிக்க அடிக்க விலைவாசி ஏறியது. அப்போது பாட்டிக்கு எட்டு வயது. ராஜா தலை போட்ட பழைய நோட்டுகளைத் தன் அம்மா பழைய துணிக்குள் வைத்துத் தைத்துத் தலையணையாக்கியதை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லமாட்டார். 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் வாழைமர நோட்டு செல்லாது என்று ஆனது. தலையணை நோட்டு செல்லும். சயாம் மரண ரயிலுக்குப் போன கணவர் திரும்பாத வீட்டில், அந்தத் தலையணைதான் அரிசி வாங்கியது. டின்னில் இருந்த ஒரு வெள்ளி நோட்டில் ஆறாம் ஜார்ஜ் இருக்கிறார், தேதி 1941 ஜூலை 1. ஆனால் அது மக்கள் கைக்கு வந்ததே போருக்குப் பிறகுதான்.

அந்த ராஜாக்கள்மேல் எனக்குப் பற்று எதுவும் கிடையாது. அவர்கள் கொடி பறந்த தோட்டங்களில் நம்மவர் பட்ட பாடு தெரிந்ததுதான். ஆனாலும் அந்த முகத்தைப் பாட்டி நம்பியது ராஜாவுக்காக அல்ல, அரிசிக்கடைக்காரர் அதை வாங்குவார் என்பதற்காக.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னபோது கல்யாணப் பெண் தன் பணப்பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். அவளுக்கு வேலை சிங்கப்பூரில். விடியுமுன் பஸ் ஏறிப் பாலம் கடக்கும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருத்தி. பையில் இரண்டு முகங்கள். சிங்கப்பூர் நோட்டில் முதல் அதிபர் யூசோப் இஷாக், 1999 முதல் எல்லா மதிப்பிலும் அவரேதான். பிறந்தது நம் பேராக் மாநிலத்தில். நம் ரிங்கிட்டில் துவாங்கு அப்துல் ரஹ்மான்.

"சித்தப்பா, இப்ப மாமன்னர் நம்ம ஜொகூர் சுல்தான்தானே? நோட்டுல ஏன் இன்னும் இவரு?"

நல்ல கேள்வி. 2024 ஜனவரி 31 முதல் சுல்தான் இப்ராஹிம் மாமன்னராக இருக்கிறார். ஆனால் நோட்டில் இருப்பவர் நெகிரி செம்பிலானைச் சேர்ந்த முதல் மாமன்னர். 1957-இல் அரியணை ஏறி 1960 ஏப்ரல் 1-இல் மறைந்தவர். பேங்க் நெகாரா 1967-இல் முதல் நோட்டை வெளியிட்டபோதே அவர் உயிருடன் இல்லை. இங்கிலாந்தில் அரசர் மாறினால் நோட்டும் மாறும், 2024 ஜூனில் சார்ல்ஸ் முகம் வந்துவிட்டது. நமக்கோ ஒன்பது அரசர்கள், ஐந்தாண்டுக்கு ஒருவர். முறைப்படி மாற்றினால் கடைக்காரர் எந்த முகத்தைப் பழகுவார்? தொடங்கிவைத்தவரே நிலையாக இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

"அப்ப தமிழருங்க முகம் எதுலயும் இல்லையா?" என்றாள். மொரிஷியஸ் நாட்டு 100 ரூபாயில் ரங்கநாதன் சீனிவாசன் இருக்கிறார், வழக்கறிஞர், அமைச்சராக இருந்தவர். இந்தியா 2009-இல் அண்ணா நூற்றாண்டுக்கு வெளியிட்ட 5 ரூபாய்க் காசில் அவர் முகத்தோடு தமிழ்க் கையெழுத்தும் உண்டு.

அவள் பத்து வெள்ளித் தாளையும், பிளாஸ்டிக் ஒரு வெள்ளியையும் மாறி மாறித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பவுனைக் கையில் எடுத்தாள். வளையம் ஒட்டிய பவுனுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தரமாட்டார்கள், தங்கத்தின் விலைதான் என்று பத்தர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன்.

"உருக்க வேணாம். தாலிக்கயித்துல இப்படியே கோத்துடுங்க" என்றாள்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தாலிக்குண்டுக்கு வேறு தங்கம் தேடவேண்டும், அது என் பங்கு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். இப்போது வீட்டில் நடக்கும் ஒரே சண்டை, எந்தப் பக்கம் வெளியே தெரியவேண்டும் என்பதுதான். பூவா தலையா போட்டுப் பார்க்கலாம் என்றால் நம் சென் காசில் தலை கிடையாது, செம்பருத்தி மட்டும்தான். அம்மா குதிரை என்கிறார். ராஜா பாட்டி காலத்திலிருந்து உள்பக்கம் இருந்து பழகிவிட்டாராம்.