நாற்பத்து நான்கில் உலகம் சுற்றப் புறப்பட்டவர்

1842-இல் வியன்னாவிலிருந்து டான்யூப் ஆற்றுவழியே கப்பலில் புறப்பட்டபோது ஐடா ஃபைஃபருக்கு வயது 44. பணக்காரர் அல்ல; கணவருக்கு வருமானம் நின்றபின் இசைப்பாடம் சொல்லிக் கொடுத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். அவர்கள் தலையெடுத்த பிறகே சிறுவயதுப் பயண ஆசையைக் கையில் எடுத்தார். தனியாகப் போகிறேன் என்றால் தடுப்பார்கள். புனிதத்தல யாத்திரை என்றால் யாரும் குறுக்கே நிற்கமாட்டார்கள் அல்லவா? ஜெருசலேமும் எகிப்தும் பார்த்துத் திரும்பினார்.

அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய நூலின் வருமானம் அடுத்த பயணத்துக்கு வழிசெய்தது. சேகரித்த பூச்சிகளையும் செடிகளையும் அருங்காட்சியகங்களுக்கு விற்றார். எளிய உணவு, மிகக் குறைந்த மூட்டைமுடிச்சு. இருமுறை உலகைச் சுற்றினார். முதல் சுற்றில், 1847-இல், இலங்கையின் காலியில் இறங்கி, கொழும்பும் கண்டியும் பார்த்தார்.

சுமத்திராவில் நரமாமிசம் உண்பவர்கள் என்று அஞ்சப்பட்ட பட்டாக் மக்கள் அவரை வழிமறித்தனர். "என் சதை கிழடுதட்டியது, மெல்ல முடியாது" என்று அரைகுறை மொழியில் சொன்னார். சிரித்துவிட்டு வழிவிட்டார்களாம். உயிர் போகும் நேரத்தில் அந்த நிதானம்தான் அவருடைய பெரிய பலம்.

பெர்லின், பாரிஸ் புவியியல் கழகங்கள் அவரை உறுப்பினராக ஏற்றன. லண்டன் கழகமோ, பெண் என்பதால் கதவடைத்தது.